சொன்ன சொல் மாறாத சூப்பர்வைசர்: தையல் லைனில் நம்பிக்கையை உண்டாக்குவது எப்படி

காலை 8.30க்கு லைன் ஓடத் தொடங்குகிறது. 9 மணிக்குத் தோள்பட்டை மூட்டும் ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்து அறுந்து விழுகிறது. அந்த மிஷினில் இருக்கும் அக்கா மறுபடி கோர்க்கிறார், டென்ஷனைத் திருகிப் பார்க்கிறார், மறுபடி அறுகிறது. மெக்கானிக் அடுத்த லைனில் இருக்கிறார். பின்னால் கழுத்து ரிப் வைப்பவர் கையில் பீஸ் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். 90 இருக்க வேண்டிய மணிநேரக் கணக்கில் 52 என்று போர்டில் ஏறுகிறது.

இந்த இடத்தில் சூப்பர்வைசருக்கு இரண்டு வழி. "என்னக்கா, காலைலயேவா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்கலாம். இல்லை, 9.05க்கே அந்த மிஷின் பக்கம் போய் நின்று, சும்மா கிடக்கும் வேறு ஓவர்லாக்கில் அவரை உட்காரவைத்து, மெக்கானிக்கைத் தானே போய்க் கூட்டி வரலாம். இரண்டாவது வழிக்குத்தான் சேவைத் தலைமை என்று பெயர். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் 38 ஆண்டுகள் பணியாற்றிய ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தார். தலைவர் நல்லவரா என்பதற்கு அவர் வைத்த உரைகல் எளிமையானது: அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் முன்பைவிட ஆரோக்கியமாக, விவரமாக, சொந்தக் காலில் நிற்கக்கூடியவர்களாக ஆனார்களா?

இந்த வழிகாட்டி திருப்பூர் பனியன் கம்பெனிகளின் லைன் சூப்பர்வைசர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் ஃப்ளோர் மேனேஜர்களுக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அன்பாகப் பேசுவதால் மட்டும் தொழிலாளர் நலம் கூடிவிடாது. சேவைக்கும் நலத்துக்கும் நடுவில் நம்பிக்கை இருக்க வேண்டும். "டீ குடிச்சீங்களாக்கா?" என்று சாயங்காலம் 4 மணிக்கு ஒருவர் கேட்டால் அது அக்கறையாகக் கேட்கும். அதே கேள்வியை வேறொருவர் கேட்டால், "சரி, இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்தான்" என்று, அதாவது கூடுதல் நேரம் இருக்கச் சொல்லப்போகிறார் என்று, லைன் முழுக்கக் கண் ஜாடை போகும். கேள்வி ஒன்றுதான். கேட்டவர் மேல் இருக்கும் நம்பிக்கை வேறு.

நம்பிக்கை எதனால் ஆனது என்பதை மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1995இல் பிரித்துக் காட்டினார்கள். நம் பேச்சில் சொன்னால்: வேலை தெரிந்தவர், நம் நல்லதை நினைப்பவர், சொன்ன சொல் மாறாதவர். தையல் லைனில் முதலாவதற்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை, ஏனென்றால் சூப்பர்வைசர்களில் பலர் மிஷினில் உட்கார்ந்து எழுந்து வந்தவர்கள்தான். உடைவது மூன்றாவது. கெட்ட எண்ணத்தால் அல்ல, "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லால்.

இன்னொரு பக்கம், வேலை எப்போது உடம்பையும் மனதையும் கெடுக்கிறது என்று ராபர்ட் கரசெக் 1979இல் ஒரு கணக்கு வைத்தார். வேலைச் சுமை மட்டும் அதிகமாக இருப்பதைவிட, சுமை அதிகமாகவும் தன் கையில் அதிகாரம் குறைவாகவும் இருப்பதுதான் ஆபத்து. டெய்லரின் நிலை அச்சாக இதுதான். மணிக்கு 90 பீஸ் வர வேண்டும். எப்போது எழுந்திருக்கலாம், எந்த மிஷினில் உட்காரலாம், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பது எதுவும் அவர் கையில் இல்லை. ஏற்றுமதித் தேதியை சூப்பர்வைசரால் மாற்ற முடியாது. ஆனால் மேலே சொன்ன மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலாளியின் கைக்குத் திருப்பித் தர அவரால் முடியும். கீழே வரும் எல்லாம் அதற்கான வேலைதான்.

பாக்கெட் நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். நாலு கோடு இழுங்கள்: தேதி, யார், என்ன கேட்டார், எப்போது பதில் சொல்வதாகச் சொன்னீர்கள். பதில் சொன்னதும் டிக் அடியுங்கள்.

விதி ஒன்றே ஒன்று. "பார்க்கலாம்", "முதலாளிகிட்டச் சொல்றேன்" என்ற இரண்டையும் நாக்கிலிருந்து எடுத்துவிட்டு, நாளும் நேரமும் சொல்லுங்கள். "வியாழக்கிழமை மத்தியானம் சொல்றேனுங்க." வியாழன் மத்தியானம் விடை கிடைக்கவில்லை என்றாலும் போய், "இன்னும் மேனேஜர் முடிவு சொல்லலைங்க, சனிக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். முடியாது என்ற பதிலைக்கூட நாள் தவறாமல் சொன்னால் நம்பிக்கை கூடும். பதிலே வராமல் போவதுதான் கொல்லும்.

நோட்டைத் தொடங்குவதற்கு முன் உங்கள் அதிகாரம் எதுவரை என்பதை மேனேஜரிடம் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். மிஷின் மாற்றுவது, 2 மணி நேரப் பெர்மிஷன், எழுந்து போகிறவர் இடத்தில் உட்கார ரிலீவரை அனுப்புவது உங்கள் கையில் இருக்கட்டும். கூலி, அட்வான்ஸ், லைன் மாற்றம் மேலே கேட்டுச் சொல்ல வேண்டியவை. தன்னால் முடியாததை ஆர்வத்தில் வாக்குக் கொடுப்பவர்தான் அதிகம் அடிபடுவார், அதுவும் நல்ல மனசுள்ள சூப்பர்வைசர்தான். அட்வான்ஸ் கேட்டவருக்குச் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். சனிக்கிழமை சம்பளத்தில் அதைத் திரும்ப வாங்கும்போது நீங்கள் சூப்பர்வைசர் இல்லை, கடன்காரரிடம் வசூலுக்கு நிற்பவர். அந்த உறவில் யாரும் குறை சொல்ல வர மாட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். தினம் மூன்று பேர், ஒருவருக்கு 3 நிமிடம். மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் நின்றுகொண்டல்ல, "இந்த மிஷின்ல என்னங்க தொந்தரவு?" என்று கேளுங்கள். "ஏதாவது பிரச்சினையா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றுதான் வரும். மிஷினைக் கேட்டால் பதில் வரும்: பெடல் உயரம், லைட் கண்ணில் அடிப்பது, பஞ்சுத் தூசி, ஃபேன் எட்டாதது. இந்தச் சின்னக் குறைகளில் இரண்டையாவது அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். பெரிய குறைகள் தானாக வெளியே வரும்.

டார்கெட்டை மறைக்காமல் சொல்வது

720 பீஸ் தேவை என்றால் 850 என்று சொல்லி, கிடைத்த 720ஐ வாங்கிக்கொள்ளும் பழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. பேக்கிங்கில் பெட்டி எண்ணும்போது உண்மை தெரிந்துவிடும். அதன்பின் லைனும் தன் உண்மையான வேகத்தை மறைக்கத் தொடங்கும். இரண்டு பக்கமும் மறைத்தால் கணக்கு யாரிடமும் இருக்காது.

மாற்று வழி, கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டுவது. ஒரு டி-ஷர்ட்டுக்கு சாம் 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது எல்லா ஆபரேஷனும் சேர்ந்த தர நேரம். 20 டெய்லர், 480 நிமிடம்: 9,600 நிமிடம். 8ஆல் வகுத்தால் 1,200. 60 சதவீதத் திறனில் 720, மணிக்கு 90. மீதி 40 சதவீதம் எங்கே போகிறது என்பதையும் சொல்லுங்கள்: நூல் மாற்றுவது, பீஸ் கட்டான பண்டிலுக்குக் காத்திருப்பது, மிஷின் கோளாறு, ஆல்டர் (தப்பென்று திரும்பி வந்த பீஸைச் சரிசெய்வது). அந்த 40இல் பெரும்பகுதி டெய்லரின் கையில் இல்லை. அதைக் குறைப்பது உங்கள் வேலை என்று லைன் முன்னால் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஸ்டைல் மாறும் நாளில் அதே 90ஐக் கேட்பது அநியாயம். புது ஸ்டைலுக்குக் கை பழக வேண்டும். முதல் நாள் 420, மறுநாள் 540, நாலாம் நாள் 720 என்று ஏணி போட்டு, ஸ்டைல் ஏறுவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். எட்ட முடிகிற எண் முன்னால் இருந்தால் கை வேகம் தானாக வரும். எட்டவே முடியாத எண் இருந்தால் 11 மணிக்கே கை தளர்ந்துவிடும்.

தண்ணீரும் பாத்ரூமும்

இதை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் பெண் தொழிலாளரின் உடல்நலம் பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. எழுந்திருக்கப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வருகிறது, தலைவலி வருகிறது, வெயில் காலத்தில் மயக்கம் வருகிறது. டோக்கன் வாங்கித்தான் பாத்ரூம் போக வேண்டும் என்ற முறை இதை மோசமாக்கும். ஒரே டோக்கனுக்கு 20 பேர் காத்திருக்க, மாதவிடாய் நாளில் இருப்பவர் எல்லார் முன்னாலும் டோக்கன் கேட்க வேண்டியிருக்கும்.

கணக்குப் பார்த்தால் டோக்கனே தேவையில்லை. 20 பேர் தலா இரண்டு முறை, முறைக்கு 6 நிமிடம் போனால் 240 நிமிடம். ஓவர்லாக்கும் ஃபிளாட்லாக்கும் தெரிந்த ஒரு ரிலீவர் இரண்டு லைனைத் தாங்குவார். ரிலீவருக்கு மற்றவர்களைவிடக் கூலி அதிகம் கொடுங்கள், இரண்டு மிஷின் தெரிந்தவருக்கு அது நியாயம். அவர் வேறு வேலையாக இருக்கும் நேரத்துக்குக் கையிருப்புப் பீஸ் உதவும். மணிக்கு 90 என்றால் 6 நிமிடத்துக்கு 9 பீஸ். ஆகவே நெருக்கடியான ஆபரேஷனுக்குப் பின்னால் 10 முதல் 12 பீஸ் எப்போதும் இருந்தால், அந்த மிஷின்காரர் எழுந்து போனாலும் லைன் நிற்காது. அதற்கு மேல் குவித்தால் ஆல்டர் அடியில் ஒளிந்துகொள்ளும், தப்பு தெரியும்போது ஐம்பது பீஸ் கெட்டிருக்கும்.

இது சரியாக நடக்கிறதா என்று அறிய யாரையும் கேட்க வேண்டாம். மத்தியானம் 3 மணிக்கு மிஷின் பக்கத்துத் தண்ணீர் பாட்டில்களைப் பாருங்கள். நிறைந்தே இருந்தால் இன்னும் பயம் போகவில்லை.

ஆல்டர் பீஸும் உடைந்த ஊசியும்

செக்கிங்கிலிருந்து திரும்பி வரும் பீஸைத் தூக்கி எறிவதும், தலைக்கு மேல் பிடித்து "இதுதான் தையலா?" என்று கேட்பதும் லைனில் தினசரிக் காட்சி. பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போங்கள். முதலில் மிஷினைச் சந்தேகியுங்கள், பிறகு துணியை, பிறகு செய்முறையை, கடைசியாகத்தான் ஆளை. சிங்கிள் ஜெர்சி துணியில் தையல் ஓரமாக ஓட்டை விழுந்தால் ஊசி முனை மழுங்கியிருக்கலாம், அல்லது பால் பாயிண்ட் ஊசிக்குப் பதில் சாதா ஊசி மாட்டியிருக்கலாம். துணிக்கு 9 அல்லது 11ஆம் நம்பர் போதும் எனும் இடத்தில் 14 ஓடிக்கொண்டிருக்கலாம். தையல் விட்டு விட்டு விழுந்தால், கீழ் நூலைக் கோர்க்கும் லூப்பரின் டைமிங் தப்பியிருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் டெய்லரைத் திட்டினால், மாலைக்குள் அதே ஆல்டர் மறுபடி வரும், கூடவே ஒருவரின் கண்ணீரும்.

உடைந்த ஊசிதான் உண்மையான சோதனை. ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்தி, கையைத் தூக்கி, எல்லாத் துண்டையும் காந்தத்தால் தேடி எடுத்து, அட்டையில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மிஷின் நம்பரும் எழுத வேண்டும். முழு ஊசியும் சேர்ந்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தால் அந்த மிஷினில் இருந்த பீஸ்களை ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். எல்லாம் சேர்ந்து 10 நிமிடம் போகும். அந்த 10 நிமிடத்துக்கு ஒரு முறை திட்டு விழுந்தால் போதும், அடுத்த முறை அந்த அக்கா வெளிக் கடையில் வாங்கிப் பையில் வைத்திருக்கும் ஊசியைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வார். உடைந்த துண்டு எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் போகும்.

ஆகவே கை தூக்கியவருக்கு முதல் வார்த்தை: "நல்லதுங்க, உடனே சொன்னீங்க." தேடும்போது நீங்களும் குனிந்து தேடுங்கள். அந்த மணியின் டார்கெட்டிலிருந்து 15 பீஸைப் போர்டிலேயே கழித்துவிடுங்கள், எல்லாரும் பார்க்க.

நீங்கள் பொறுப்பேற்ற பின் ஊசி அட்டைகள் கூடினால் மேனேஜர் பதறக்கூடும். எமி எட்மண்ட்சன் அமெரிக்க மருத்துவமனைகளின் செவிலியர் குழுக்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டதை அவருக்குச் சொல்லுங்கள். நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் தவறைப் பயமின்றிச் சொன்னார்கள் என்பதே அதற்கு விளக்கமாகத் தெரிந்தது. அட்டை கூடுவது ஊசி அதிகம் உடைவதாலா, மறைப்பது நின்றதாலா என்று ஸ்டோரில் ஊசிக் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்றரை ஷிப்ட்

ஷிப்மெண்ட் நெருங்கும்போது 5 மணிக்கு வந்து "இன்னைக்கு ஒன்றரை" என்று சொல்வதைவிட நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை. பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை யார் பார்ப்பது, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, வீட்டில் என்ன சொல்வது என்ற மூன்று கேள்வியும் ஒரே நேரத்தில் தலையில் ஏறும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிடுங்கள், முடிந்தால் முந்தின நாளே. வர முடியாதவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, மறுநாள் கஷ்டமான மிஷினில் அவரை உட்காரவைத்துப் பழி தீர்க்கவும் கூடாது. வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டும் வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. சனிக்கிழமைச் சீட்டில் அந்த வரி சரியாக இருக்கிறதா என்று சம்பளம் போடுவதற்கு முன் நீங்களே ஒரு முறை ஒத்துப் பாருங்கள். கூலியில் 30 ரூபாய் குறைந்தாலும் வாரம் முழுக்கச் செய்த சேவை அதோடு போச்சு.

யாருக்கு எந்த மிஷின்

சொந்த ஊர்க்காரர், சொந்தக்காரர், சொந்த சாதி என்று லேசான ஆபரேஷனைக் கொடுப்பதை லைன் முதல் நாளே கண்டுபிடித்துவிடும். ஆபரேஷன்களைக் கடினம், நடுத்தரம், லேசு என்று மூன்றாகப் பிரித்து, மாதம் ஒரு முறை சுழற்சி வைத்து, பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்களை "ஹிந்திக்காரங்க" என்று மொத்தமாகக் கூப்பிடாமல் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒடியாக்காரருக்கு ஹிந்தியும் அந்நிய மொழிதான். மொழிபெயர்க்க அவர்களை அழைத்து வந்த ஏஜென்ட்டின் ஆளை வைக்காதீர்கள். ஹாஸ்டல் சாப்பாடு, பிடித்தம், ஏஜென்ட் கமிஷன் பற்றிய குறைகள் ஒருபோதும் உங்கள் காதுக்கு வராது. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு டெய்லரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

சூப்பர்வைசர் தீர்க்கக் கூடாதவை

தொட்டான், ஆபாசமாகப் பேசினான், பின்னால் வந்தான் என்று ஒரு பெண் சொன்னால், சமாதானம் பேசி முடித்துவைப்பது சேவை அல்ல. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம், விசாரணைக்கு 90 நாள். குழு உறுப்பினரின் பெயரைச் சொல்லி, அந்தப் பெண் விரும்பினால் கூடப் போங்கள். வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். புகார் சூப்பர்வைசர் மேலேயே இருக்கக்கூடும் என்பதால், ஒருவரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி லைன் இருக்க முடியாது. பெண்கள் நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பாலியல் தொல்லையைத் தடுக்க 2022 ஏப்ரலில் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் இதனால்தான் முக்கியம். தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் லைனில் இருப்பது அதில் ஒரு அங்கமாக இருந்தது. நேர்மையான சூப்பர்வைசருக்கு இவர்கள் எதிரிகள் அல்ல, இவர்களால் அவர் பாரம் குறைகிறது.

மனது உடைந்து போனவரிடம் அறிவுரை வேண்டாம், தத்துவம் வேண்டாம். ஐந்து நிமிடம் தனியே உட்கார்ந்து கேட்டுவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐக் கொடுங்கள். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

நலம் கூடியதா என்று பார்ப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, எழும்போது களைப்பு நீங்கியிருந்ததா, நாள் பிடித்த விஷயங்களால் நிறைந்திருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு மதிப்பெண், 50க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெயரில்லாத சீட்டில், பெட்டிக்குள். சீட்டை நீங்கள் வாங்காதீர்கள், வேறு துறை ஆள் வாங்கட்டும். பார்க்க வேண்டியது லைனின் சராசரியை மட்டும்.

சீட்டைவிட நேர்மையான அளவுகோல்கள் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கின்றன. திங்கட்கிழமை எத்தனை பேர் வரவில்லை. சேர்ந்து மூன்று மாதத்துக்குள் எத்தனை பேர் நின்றார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் உங்கள் லைனுக்கே திரும்பி வந்தார்கள்.

மேனேஜர் தர வேண்டியது

லைன் பார்க்கும்படி மேனேஜர் சூப்பர்வைசரைத் திட்டினால், அன்றே அது டெய்லர் வரைக்கும் இறங்கும். ஆகவே திட்டுவதானாலும் ஆபீஸ் ரூமில். ஒரு சூப்பர்வைசருக்கு ஒரு லைனுக்கு மேல் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன நோட்டு வேலைக்கு தினம் 30 நிமிடம் வேண்டும், அந்த நேரத்தில் அவரை மீட்டிங்குக்குக் கூப்பிடாதீர்கள். ஆள் குறைந்த நாளில் அவரையே மிஷினில் உட்காரவைப்பது ஒரு மணி நேரம் உதவும். நாள் முழுக்க உட்கார்ந்தால் லைனைப் பார்க்க ஆளில்லை.

சூப்பர்வைசர் லைன் மாறும்போது நோட்டும் கைமாற வேண்டும். டிக் அடிக்காத வரிகளை, கேட்டவர்களின் சம்மதத்தோடு, புது சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மிஷினாகப் போய்ப் படித்துக் காட்டுங்கள்: "இவங்க ஃபேன் மாத்தக் கேட்டிருக்காங்க, புதன்கிழமை சொல்றதாச் சொல்லியிருக்கேன்." புதியவர் தன் கையெழுத்தில் அந்த வரிக்குக் கீழே தேதி போடட்டும்.